ஊர் காண்டலும் கடன்படுதலும்

ஓர் ஊரைக் கண்டோம் என்று சொல்லும் உரிமை நமக்கு எப்போது வருகிறது? இரண்டு நாள் தங்கியவன் "கண்டேன்" என்கிறான். நாற்பது ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தவன் அதைக் கேட்டு நகைக்கிறான். நகைப்பவன் தன் ஊரைக் கண்டிருக்கிறானா என்பதே நாம் இங்கு எழுப்ப விரும்பும் வினா. பிறந்த மண்ணை விட்டு வந்து ஐதராபாத்தில் வேரூன்றிய நம் போன்ற குடும்பங்களுக்கு இது பொழுதுபோக்கு ஆராய்ச்சியன்று; நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய அறக்கேள்வியாகும்.

இன்று நம் இல்லங்கள் பலவற்றிலிருந்து பிள்ளைகள் ஐரோப்பிய நாடுகளுக்குப் படிக்கச் செல்கின்றனர். அவர்கள் தொலைபேசியில் கூறும் செய்திகளுள் பாடத்திற்கு அடுத்த இடம் பெறுவது வார இறுதிப் பயணம். வெள்ளி மாலை நண்பர் நால்வர் தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு புறப்படுகின்றனர். ஞாயிறு இரவு திரும்பிவிடுகின்றனர். 1985-ஆம் ஆண்டு லக்சம்பர்க் நாட்டின் ஷெங்கன் என்னும் சிற்றூரில் கையெழுத்தான ஒப்பந்தத்தின் பயனாக, நாடு விட்டு நாடு செல்வது அங்கே நாம் மாவட்டம் விட்டு மாவட்டம் செல்வது போல் எளிதாயிற்று. ஜெர்மனியின் பவேரியா மாநிலத்திலோ, ஐவர் வரை ஒரே சீட்டில் ஒருநாள் முழுதும் வட்டார இரயில்களில் பயணம் செய்யலாம். கையில் பணம் குறைந்த மாணவர்க்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இதைக் கேட்கும் பெரியோர் இரு வகையாகப் பேசுவர். "படிக்கப் போன பிள்ளைக்கு ஊர் சுற்ற எங்கிருந்து நேரம் வருகிறது? இரண்டு நாளில் ஒரு நகரத்தில் எதை அறிய முடியும்? படம் எடுத்துக்கொண்டு வரலாம், அவ்வளவுதான்" என்பர் ஒரு சாரார். "வகுப்பறை தராத கல்வியை வழிப்பயணம் தரும், இளமையில் காணாததை முதுமையிலா காணப் போகிறார்கள்?" என்பர் மற்றொரு சாரார். நாம் நெடுங்காலம் முதல் சாராரோடு நின்றவர்கள். அந்நிலையிலிருந்து நம்மைப் பெயர்த்த நிகழ்ச்சியைக் கூறுமுன், அந்நிலைக்கு நாம் துணையாகக் கொண்டிருந்த இலக்கியச் சான்றைக் கூறிவிடுகிறோம்.

சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதை என்றே ஒரு பகுதி உண்டு. கண்ணகியைக் கவுந்தியடிகளின் காவலில் நகர்ப்புறத்தே விட்டுக் கோவலன் தனியே மதுரைக்குள் செல்கிறான். மணிகளின் குணமும் குற்றமும் தேர்ந்து விற்கும் வணிகர் வீதியைக் காண்கிறான். பொன் கடைகளையும் துணிக் கடைகளையும் தானியக் கடைகளையும் காண்கிறான். திரும்பி வந்து நகரின் சிறப்பையும் பாண்டியன் செங்கோலையும் அடிகளிடம் புகழ்ந்துரைக்கிறான். அவன் கண்டவை யாவும் உண்மை. ஆயினும் மணியின் குற்றம் அறிவோர் நிறைந்த அதே நகரில், ஒரு சிலம்பின் உண்மையை ஆராய்வார் இன்றி அவன் வெட்டுண்டு வீழ்ந்தான். ஒருநாட் காட்சி ஊரின் ஒளியைக் காட்டும். அதன் துயரைக் காட்டாது. ஆகவே வார இறுதிப் பயணம் கண்ணுக்கு விருந்தேயன்றி அறிவுக்கு உணவாகாது என்று நாம் முடிவு கட்டியிருந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன், மியூனிக் நகரில் முதுகலை பயிலும் நம் நண்பர் மகள் விடுமுறைக்கு வந்தபோது, உடன் பயிலும் மூவரையும் அழைத்து வந்தாள். ஐதராபாத்திற்கு அவர்கள் ஒதுக்கியது ஒரு சனியும் ஒரு ஞாயிறும். நண்பர் வெளியூர் சென்றிருந்தமையால் வழிகாட்டும் பொறுப்பு நம்மை வந்தடைந்தது. முப்பது ஆண்டுகள் இந்நகரில் வாழ்ந்தவர் என்ற பெருமிதத்தோடு அதனை ஏற்றோம்.

சனி காலை சார்மினாரைக் காட்டினோம். 1591-இல் முகம்மது குலி குதுப் ஷா எழுப்பியது என்றும், நாற்புறக் கடிகாரங்கள் 1889-இல் பொருத்தப்பட்டவை என்றும் எடுத்துரைத்தோம். பின்னர் சாலார்ஜங் அருங்காட்சியகம். இத்தாலியச் சிற்பி பென்சோனி வடித்த 'முக்காடிட்ட ரெபேக்கா' சிலையின் முன் அவர்கள் நெடுநேரம் நின்றனர். முதலாம் சாலார் ஜங் 1876-இல் ஐரோப்பா சென்றபோது ரோம் நகரில் வாங்கிய சிலை அது. கல்லையே மெல்லிய துகிலாக்கி, அத்துகிலினூடே முகம் தெரியுமாறு செய்த திறம் வியப்பிற்குரியது. மணிதோறும் கூட்டம் கூடிக் காத்திருக்கும் இசைக் கடிகாரத்தையும் பார்த்தனர். எல்லாம் நாம் எண்ணியவாறே நடந்தேறின.

அருங்காட்சியகத்திலிருந்து வெளிவந்து மூசி ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது, அவர்களுள் ஒருவனான போலந்து இளைஞன் நின்றுவிட்டான். "இவ்வளவு மெலிந்து ஓடும் ஆற்றுக்கு இவ்வளவு உயர்ந்த கரைச்சுவர் எதற்கு?" என்று வினவினான். "மாமா, இவன் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் ஆற்றைப் பற்றித்தான் கேட்பான். பாசாவுக்குப் போய் வந்ததிலிருந்து இப்படித்தான்" என்று நண்பர் மகள் சிரித்தாள். பாசாவ் என்பது தான்யூப், இன், இல்ஸ் என்னும் மூன்று ஆறுகள் கூடும் ஜெர்மானிய நகரம். அதன் நகரமன்றக் கோபுரச் சுவரில் ஒவ்வொரு பெருவெள்ளமும் எட்டிய உயரத்தை ஆண்டு குறித்துக் கோடிட்டிருக்கின்றனர். 1501-க்குப் பின் மிக உயர்ந்த வெள்ளம் 2013-இல் வந்தது. ஒரு வார இறுதியில் அக்கோடுகளைக் கண்டுவந்தவன், மூசிக் கரையில் அவற்றைத் தேடினான்.

நாம் என்ன விடை கூறினோம்? "முன்னொரு காலத்தில் ஏதோ வெள்ளம் வந்ததாகச் சொல்வார்கள்" என்றோம். எந்த ஆண்டு, எத்தனை உயிர், பின்னர் என்ன செய்தார்கள் என்று அவன் மேலும் கேட்டபோது நம்மிடம் சொல் இல்லை. சார்மினார்க் கடிகாரத்தின் ஆண்டை அறிந்திருந்த நாம், அந்நகரத்து மக்களின் பெருந்துயரின் ஆண்டை அறியவில்லை. அன்றிரவு வெட்கத்தோடு நூல்களைப் புரட்டினோம்.

1908 செப்டம்பர் 28-ஆம் நாள் மூசி கரைபுரண்டது. வீடுகளும் பாலங்களும் அடித்துச் செல்லப்பட்டன. பதினைந்தாயிரம் பேர் வரை மாண்டனர் என்பர். இன்று உஸ்மானியா மருத்துவமனை வளாகமாக விளங்கும் இடத்தில் நின்ற ஒரு புளியமரத்தின் கிளைகளைப் பற்றிக்கொண்டு ஏறத்தாழ 150 பேர் உயிர் தப்பினர் என்பதும் வழிவழி வரும் செய்தி. இத்தகைய அழிவு மீண்டும் நேராதிருக்க வழி காண விசுவேசுவரய்யா அழைக்கப்பட்டார். அவர் திட்டத்தின் வழியே 1920-இல் உஸ்மான் சாகரும், 1927-இல் ஹிமாயத் சாகரும் அமைந்தன. வெள்ளத்தைத் தடுக்க எழுந்த அந்நீர்த்தேக்கங்களே பல்லாண்டுகள் இந்நகருக்குக் குடிநீர் தந்தன. உஸ்மான் சாகரை மக்கள் கண்டிப்பேட்டை ஏரி என்றே அழைப்பர். கண்டிப்பேட்டைத் தண்ணீரைக் குடித்தவர் இவ்வூரை விட்டுப் போகமாட்டார் என்று இங்கே ஒரு வழக்கும் உண்டு. நம்முள் எத்தனை பேர் அதனைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறோம்! அத்தண்ணீரின் பின்னால் பல்லாயிரவர் மரணம் இருந்ததை எண்ணிச் சொன்னோமா?

ஞாயிறு காலை கோல்கொண்டாவைப் பிற்பகலுக்குத் தள்ளிவைத்து, அவர்களை அம்மருத்துவமனை வளாகத்திற்கு அழைத்துச் சென்றோம். அதன் வாயிலை நாம் முப்பது ஆண்டுகளில் எத்தனையோ முறை கடந்திருக்கிறோம். மரம் இருந்தது. அதன் நிழலில் நோயாளிகளின் உறவினர் சிலர் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து உண்டுகொண்டிருந்தனர். அவ்விளைஞன் மரத்தின் பட்டையில் சற்றுநேரம் கை வைத்துக்கொண்டு நின்றான். படம் எடுக்கவில்லை. வழிகாட்டியாக வந்த நாமும் அன்றுதான் அம்மரத்தை முதன்முதலாகக் கண்டோம்.

இப்போது கோவலன் கதைக்குத் திரும்புவோம். ஒருநாள் கண்ட கோவலன் ஏமாந்தான் என்பது மெய்யே. ஆனால் மதுரையிலேயே பிறந்து வளர்ந்தோர் கண்டனரா? அரியணையில் வீற்றிருந்த மன்னனே தன் நகரில் தன் ஆணையால் நடந்த அநீதியைக் கண்ணகி வந்து உரைக்கும் வரை கண்டானில்லை. ஆதலின் காட்சிக்குக் காலம் அளவுகோல் ஆகாது. வந்தவன் புதுமையின் மயக்கத்தால் காணாது போகலாம். வாழ்பவன் பழக்கத்தின் மயக்கத்தால் காணாது போகலாம். இவ்விரண்டனுள் பின்னதே கொடியது. வந்தவன் தான் அறியாதவன் என்பதையாவது அறிவான். வாழ்பவனோ அறிந்தவன் என்றே எண்ணிக்கொண்டிருப்பான்.

ஐதராபாத்திலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. சரோஜினி நாயுடு 1879-இல் இந்நகரில் பிறந்தார். அவர்தம் பெற்றோர் வங்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். நம்மைப் போலவே வந்தேறிய குடும்பம். பன்னிரண்டு வயதில் சென்னைப் பல்கலைக்கழக மெட்ரிகுலேஷன் தேர்வில் வென்ற அவர், 1895-இல் நிசாமின் உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்று இலண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்றார். இத்தாலியையும் சுற்றிப் பார்த்தார். அங்கே ஆங்கில நாட்டுப் பறவைகளையும் பூக்களையும் பாடிய அவரை, உன் நாட்டைப் பாடு என்று திறனாய்வாளர் எட்மண்ட் காஸ் நெறிப்படுத்தினார். 1898-இல் அவர் திரும்பினார். அவர்தம் பாடல்களில் ஐதராபாத்தின் கடைவீதியும் கோல்கொண்டாவின் கல்லறைகளும் இடம்பெற்றன. 1908-இல் மூசி பெருகியபோது துயருற்றோர்க்கு உதவும் பணியிலும் அவர் ஈடுபட்டார். அயல்நாடு அவருக்குத் தன் ஊரை மறைக்கவில்லை. தன் ஊரைக் காணும் கண்ணைக் கொடுத்தது. பாடியதோடு நில்லாமல் பணியும் செய்தார் என்பதே நாம் போற்றத்தக்கது.

இங்கே ஒரு தடை எழலாம். பயணி விடுதிக்கு வாடகை தருகிறான். நுழைவுக் கட்டணம் செலுத்துகிறான். அவன் கடன் அத்தோடு தீர்ந்ததன்றோ? குடியிருப்பவனும் வரி செலுத்துகிறானே? பணம் கொடுத்துப் பெற்றதற்குக் கடன் இல்லை என்பது சரியே. ஆனால் ஒருவர் உழைப்பும் துயரும் சேர்ந்து உண்டாக்கிய கரைச்சுவருக்கும் குளிர்நிழலுக்கும் எவரும் சீட்டு விற்பதில்லை. விலையில்லாமல் பெற்றதைத்தான் நாம் கடன் என்கிறோம். அதை அறிவதே அக்கடனைத் தீர்ப்பதன் முதற்படி.

பண்டைத் தமிழர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வழியில் எதிர்ப்படும் வறியவனுக்குத் தான் பெற்றதைக் கூறி, எவ்வழியே செல்ல வேண்டும், யார் விருந்தளிப்பர் என்றெல்லாம் விளக்கி ஆற்றுப்படுத்துவது அவற்றின் பொருள். நம் மரபில் பயணத்தின் பயன் கண்ட பெருமையைச் சொல்வதோடு முடிவதில்லை. பெற்றதை இன்னாரிடம் பெற்றேன் என்று பிறர்க்குச் சொல்வதில் முடிகிறது. பாசாவில் கண்ட கோட்டை மூசிக் கரைக்குக் கொண்டுவந்த அவ்விளைஞன், தான் அறியாமலே நம்மை ஆற்றுப்படுத்தினான்.

ஆகவே வார இறுதிகளில் நண்பரோடு நகரம் காணச் செல்லும் நம் பிள்ளைகளை நாம் இனித் தடுக்கப் போவதில்லை. அவர்கள் திரும்பி வந்ததும், "என்னென்ன பார்த்தாய்?" என்று கேட்பதோடு, "அவ்வூர் மக்கள் எதைத் தாங்கி வாழ்ந்தார்கள் என்று கேட்டாயா?" என்றும் கேட்போம். அப்படிக் கேட்கும் தகுதி வேண்டுமானால், அதே கேள்விக்கு நம் ஊரைப் பற்றி நாம் விடை அறிந்திருக்க வேண்டும். நாம் இப்போது உறவினர் எவர் வந்தாலும் முதலில் அப்புளியமரத்தடிக்கு அழைத்துச் செல்கிறோம். சார்மினார் அதற்குப் பிறகுதான்.