தெளிவும் தூய்மையும்

மனம் அடங்கிவிட்டால் அது தூய்மை அடைந்துவிட்டது என்று பொருளா? ஆன்மிக வாழ்வில் அடியெடுத்து வைக்கும் சாதகர் பலர் இவ்விரண்டையும் ஒன்றெனவே எண்ணுகின்றனர். இவ்வினாவை ஆராய ஒரு குடம் கலங்கல் நீரே போதும்.

நெய்யாற்றின்கரைக்குக் கிழக்கே, தமிழக எல்லையை ஒட்டிய மலையடிவாரத்தில் அமைந்துள்ளது அம்பூரி. மழைக்காலத்தில் அப்பகுதியின் நீர் செந்நிறமாக இறங்கி நெய்யாற்று நீர்த்தேக்கத்தில் கலக்கிறது. அதைக் கண்ணாடிப் பாத்திரத்தில் முகந்து அசையாமல் வைத்தால் மணல் உடனே அடியில் படியும். அதன்மேல் வண்டல் படியும். களிமண்ணோ நாட்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். துகளின் விட்டம் பத்தில் ஒரு பங்கானால் அது இறங்கும் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும் என்பது ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1851-ஆம் ஆண்டு அளித்த விதியின் சாரம். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ள களிமண் துகள் ஒரு மீட்டர் ஆழம் இறங்கப் பத்து நாட்களுக்கும் மேலாகும். மேலும், அத்துகள்கள் ஒரே வகை மின்னூட்டம் உடையவை. ஆதலால் ஒன்றையொன்று விலக்குகின்றன, எளிதில் திரள்வதில்லை.

நம் குறைகளும் இத்தகையனவே. கோபம், பேராசை முதலிய பருமையான குற்றங்கள் தனிமையும் மௌனமும் வாய்த்தால் சற்று அடங்குகின்றன. 'நான் அமைதியானவன்' என்னும் நுண்ணிய செருக்கோ அடங்காமல் மிதக்கிறது. வெறும் காத்திருப்பு அதனிடம் செல்லாது.

நம் முன்னோர் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்துவிட்டுக் கலங்கல் நீரை ஊற்றினர். கொட்டையிலுள்ள சத்து சிதறிய துகள்களைப் பிணைக்கிறது. திரண்டவை கனத்து இறங்குகின்றன. சங்கரர் இயற்றியதாகப் போற்றப்படும் 'ஆத்மபோதம்' ஞானத்திற்கு இதையே உவமையாக்குகிறது. அழுக்கை அகற்றிய பொடி நீரில் தங்குவதில்லை, தானும் மறைகிறது. சாதனையால் மனம் அடங்கினால் 'சாதித்தேன்' என்னும் எண்ணமும் உடன் அடங்க வேண்டும் என்பது நாம் இதனின்று பெறும் பாடம்.

ஆயினும் வினா தீரவில்லை. படிந்த சேறு பாத்திரத்தை விட்டு நீங்கவில்லையே! 2001-ஆம் ஆண்டு நவம்பர் 9 அன்று இரவு பெருமழையில் அம்பூரியின் மலைச்சரிவு பெயர்ந்து வீடுகளைப் புதைத்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்துயரை அவர்களுடைய வினைப்பயன் என்று பேசுவது இரக்கமற்ற செயல். நாம் எண்ண வேண்டியது மண்ணின் இயல்பை மட்டுமே. பல்லாண்டுகள் அசையாதிருந்த மண்ணிலும் நீர் மிகுதியாக ஊறினால், துகளுக்குத் துகள் உள்ள பிடிப்பு தளர்ந்து அது குழம்பாக ஓடுகிறது. அசையாமை என்பது அசையவே முடியாமை அன்று.

பதஞ்சலி முனிவர் கிலேசங்களின் நிலைகளைக் கூறும்போது உறங்கும் நிலையையும் சேர்த்தே கூறுகிறார். உறங்குவது அழிந்ததாகாது, தக்க தூண்டுதல் வந்தால் விழித்துக்கொள்ளும்.

அப்படியானால் மன அடக்கம் பயனற்றதா? இல்லை. கலங்கிய நிலையிலேயே நீரை இறுத்தால் சேறும் உடன் வரும். படிந்த பின்னரே தெளிந்த நீரை மெல்ல வேறு பாத்திரத்திற்கு இறுத்துக்கொள்ள முடியும். அடக்கம் அந்த வாய்ப்பைத் தருகிறது. இறுக்கும் வேலையைச் செய்வது விவேகம். அமைதியான வேளையில் அடியில் கிடப்பதைக் கண்டு, 'இது நான் அல்ல' என்று அறிந்து, அதன் வழி நடக்க மறுப்பதே அவ்வேலை.

எனவே, தியானம் முடிந்து எழும்போது நமது தூய்மையை அளவிட வேண்டாம். பூஜையறையை விட்டு வெளியே வந்ததும் எதிர்ப்படும் முதல் கடுஞ்சொல், நம்மிடம் பணிபுரிபவர் செய்யும் சிறு பிழை, உடன்பிறந்தாருக்குக் கிட்டும் பாராட்டு ஆகியவையே பாத்திரத்தை அசைத்துப் பார்க்கும் கைகள். அவற்றைக் கண்டு ஓடாதிருப்போம். எது மேலெழுகிறது என்று நேர்மையுடன் நோக்குவோம். எழுந்ததை மீண்டும் படியச் செய்வோம், தெளிந்ததை இறுப்போம்.