கேளாத செவிக்குக் கேள்வி உண்டா?

தமிழர் செவியைப் பெரிதும் போற்றியவர். திருவள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். பௌத்தரும் அவ்வாறே. பகவானின் மாணாக்கரைக் குறிக்கும் 'சாவகர்' என்னும் பாலிச் சொல்லுக்குக் கேட்பவர் என்பதே பொருள். ஆனந்தர் தாம் கேட்டதைச் சொல்வதாகவே சூத்திரங்கள் தொடங்குகின்றன. அறம் செவி வழியே வருவதாயின், செவிப்புலன் இன்றிப் பிறந்த குழந்தைக்கு அதில் பங்கு உண்டா, இல்லையா? இவ்வினாவை நாம் தட்டிக்கழித்தல் ஆகாது.

பழைய நூல்கள் இவர்களிடம் இரக்கம் காட்டினவேயன்றி உரிமை வழங்கவில்லை. பிறவிச் செவிடர்க்கும் ஊமையர்க்கும் சொத்தில் பங்கில்லை, உணவும் உடையும் அளித்தால் போதும் என்றது மனுநூல். இத்தகைய விலக்குகளை நீக்க 1928-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வேண்டியதாயிற்று. மனுவைக் குறை கூறுவது நமக்கு எளிது. ஆனால் நம் விநய பிடகத்தின் மகாவக்கத்திலும், செவிடரையும் ஊமையரையும் துறவில் சேர்க்கலாகாது என்னும் விதி இருக்கிறது. பிறர் நூலின் குறையைச் சுட்டிவிட்டு நம் நூலில் உள்ளதை மறைப்பது நேர்மையன்று.

அவ்விதி எழுந்த காலத்தை எண்ணிப் பார்ப்போம். அன்று அறநூல்கள் ஏட்டில் இல்லை. சங்கத்தில் சேர்பவர் சரணங்களை வாயால் மொழிய வேண்டும். வினாக்களுக்கு விடை கூற வேண்டும். சூத்திரங்களைக் கேட்டே மனத்தில் பதிக்க வேண்டும். ஆகவே அது துறவாடையைப் பற்றிய விதி எனவே நாம் கொள்கிறோம். செவிடர்க்கு அறிவில்லை என்றோ, அறநெறி அவர்க்கு அடைபட்டது என்றோ அது கூறவில்லை. பின்னர் கி.மு. முதல் நூற்றாண்டில், பஞ்சமும் போரும் வாட்டிய நாளில், இலங்கையின் ஆலோக விகாரையில் பிக்குகள் திரிபிடகத்தை ஏட்டில் எழுதினர். அதுவரை கேட்கப்பட்டு வந்த அறம் அன்று முதல் காணப்படுவதும் ஆயிற்று. செவியின் வேலையைக் கண்ணிடம் ஒப்படைத்தவர்கள் நம் முன்னோரே. அவர்கள் திறந்த வாயிலை ஒரு குழந்தையின் முன் நாம் அடைக்கலாமா?

செவியின்மை அறிவின்மையன்று. பிற குழந்தைகள் வீட்டாரின் பேச்சைக் கேட்டே மொழியைப் பெறுகின்றன. கேளாத குழந்தைக்கு அவ்வாறு வருவதில்லை. கண்ணுக்குப் புலனாகும் மொழியை எவரும் காட்டாவிடில், அதன் இளமை மொழியின்றியே கழிகிறது. பசித்தால் அழலாம், ஆனால் அஞ்சியதையும் கனவு கண்டதையும் சொல்ல வழியில்லை. இந்தக் கேட்டைச் செய்தது செவியன்று. மொழியைக் கொடாத சுற்றத்தாரே.

கற்றோரும் இதில் தவறியுள்ளனர். 18-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் லெப்பே என்னும் பாதிரியார் சைகையாலேயே கல்வி புகட்டினார். 1791-இல் அப்பள்ளியைப் பிரெஞ்சு அரசு ஏற்றது. ஆயினும் 1880-இல் மிலான் நகரில் கூடிய மாநாடு, சைகையை விலக்கி வாய்ப்பேச்சையே பயிற்ற வேண்டுமெனத் தீர்மானித்தது. அங்கு வாக்களித்தவர் ஏறத்தாழ அனைவரும் செவியுடையோர். அத்தீர்மானத்தைக் குறித்து வருந்தியது 2010-இல் வாங்கூவரில் கூடிய மாநாடு. இடையில் 130 ஆண்டுகள் கழிந்தன.

இனி நம் எல்லைப்புறத்தை நோக்குவோம். பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம். செவியுள்ள பிள்ளை இரண்டையும் தெருவிலேயே கற்றுக்கொள்ளும். கேளாத பிள்ளைக்கு இரண்டுமே எட்டுவதில்லை. கேரள அரசு குன்னங்குளம், திருவல்லா, ஜகதி ஆகிய ஊர்களில் இவர்களுக்கென்றே பள்ளிகளை நடத்துகிறது. ஐந்து வயதுக்குட்பட்டோர்க்குச் செவியின் உட்புறம் கருவி பொருத்தும் 'சுருதி தரங்கம்' திட்டமும் உண்டு. ஆனால் மலைத்தோட்டத்திலிருந்து இவ்வூர்கள் தொலைவு. தொலைவினும் பெரிய இடைவெளி ஒன்றும் உண்டு. பிள்ளை மலையாள எழுத்தைக் கற்று வீடு திரும்பினால், தமிழ் மட்டுமே அறிந்த தாய்க்கு அவ்வெழுத்தைப் படிக்க வராது. அவ்விருவரையும் இணைக்கக் கூடியது கைமொழி ஒன்றே. அதைத் தாயும் கற்றாலன்றிப் பிள்ளை தன் வீட்டிலேயே விருந்தாளியாகும்.

கைமொழி இழிந்தது என எண்ணுவோர் மலையாள நாட்டுக் கதகளியை நினைக்கட்டும். வேடமிட்டவர் வாய் திறவாது 24 அடிப்படை முத்திரைகளாலேயே கதை முழுவதையும் உரைக்கின்றார். இரவெல்லாம் விழித்திருந்து நாம் வியக்கின்றோம். அக்கலையைக் காக்க 1930-இல் கலாமண்டலம் கண்ட மகாகவி வள்ளத்தோள், முப்பது வயதளவில் செவிப்புலனை இழந்தவர். அத்துயரை 'பதிர விலாபம்' என்னும் நூலாகப் பாடியவர். மேடையில் கலையென்று போற்றும் கைப்பேச்சைக் குழந்தையிடம் கண்டால் நகைப்பது என்ன நீதி?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, கடும் குறைபாடுடைய குழந்தை 6 வயது முதல் 18 வயது வரை, அண்மைப் பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கற்க உரிமையுடையது. ஆகவே அரசுப் பள்ளி அளிப்பது தானமன்று. செலுத்த வேண்டிய கடன். தானம் கொடுப்பவன் விரும்பினால் நிறுத்தலாம். கடன்பட்டவன் நிறுத்த இயலாது. அப்பள்ளியின் வாயிலில் தகப்பன் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

எனினும் அரசின் கடனோடு நம் கடன் தீர்ந்துவிடாது. பிறந்த குழந்தையின் செவியைக் காலந்தாழ்த்தாது சோதிப்போம். ஊமை என்று பெயரிட்டு அழைப்பதை விடுவோம். பெண் குழந்தையாயினும் வீட்டில் மறைத்து வைக்காது பள்ளிக்கு அனுப்புவோம். நம் கூட்டங்களில் அவர்களை முன்வரிசையில் அமர்த்தி, சொல்வதை எழுதியும் காட்டுவோம். கைமொழியில் நாமும் சில சொற்களேனும் கற்போம்.

கேளாத செவிக்கும் கேள்வி உண்டு. அதற்குக் கண்ணும் கையும் போதும். அவர்கள் கைகளால் கூறுவதை அறிந்துகொள்ளும் கடமையே நம்மிடம் நிலுவையில் நிற்கிறது.