சபர் வந்த தொழிலாளியின் சாட்சியம்

 

நாம் வணிகர் கூட்டம். சபர் என்றதும் நமக்குச் சரக்கும் கடையும்தான் நினைவுக்கு வரும். மக்காவிலிருந்து வெறுங்கையுடன் மதீனா சேர்ந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, அன்ஸாரித் தோழர் ஒருவர் தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார். அவர்களோ அவருக்காக துஆச் செய்துவிட்டுக் கடைத்தெருவுக்கு வழி கேட்டார்கள். வெண்ணெயும் பாலாடைக் கட்டியும் விற்றுத் தலையெடுத்தார்கள். இந்த வரலாற்றைச் சொல்லி மகிழாத மேடை நம்மிடம் ஏது?

ஆனால் இன்று சபர் வருகிறவர் எல்லாரும் கடை வைக்க வருவதில்லை. மின்கம்பி இழுப்பவர், குழாய் பொருத்துபவர், குளிர்சாதனம் பழுது பார்ப்பவர் என்று கைத்தொழில் கற்றவர் பலரும் வருகிறார்கள். ஐ.டி.ஐ. சான்றிதழைப் பெட்டியின் அடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு, என்றைக்காவது சொந்தமாகத் தொழில் செய்யலாம் என்ற நினைப்பில் வருகிறார்கள். வணிகருக்குக் கடைத்தெருவைக் காட்டினால் பாதி வேலை முடிந்தது. கைத்தொழிலாளிக்கு அது போதாது. அவர் கற்ற கல்வியை இந்த ஊர் ஏற்க வேண்டும்.

நபி மூஸா (அலை) அவர்கள் மிஸ்ரிலிருந்து மத்யனுக்கு வந்தபோது நிலைமை எப்படி இருந்தது? வளர்ந்ததோ பிர்அவ்னின் அரண்மனை. அங்கே கற்றது எதுவும் மத்யன் நகரத்துப் பெரியவரின் ஆட்டு மந்தைக்குத் தேவைப்படவில்லை. அவர்கள் கிணற்றடியில் தண்ணீர் இறைத்து ஆடுகளுக்குப் புகட்டினார்கள். அதைக் கண்ட பெண்மணி, வலிமையும் நம்பிக்கையும் உள்ளவரையே கூலிக்கு அமர்த்துவது மேல் என்று தந்தையிடம் சொன்னதாகத் திருமறை கூறுகிறது. எட்டு ஆண்டுகள் ஒப்பந்தம், விரும்பினால் பத்து. வந்த ஊரின் தேவையில் தம் திறமையைக் காட்டித்தான் அந்நிய நாட்டில் அவர்கள் வாழ்வு தொடங்கியது என்று நாம் விளங்கிக்கொள்கிறோம்.

ஊர்ச் சான்றிதழ் பொய்யல்ல. அது அந்த ஊரைப் பற்றிய சாட்சி, அவ்வளவுதான். ஒரு சின்ன விஷயத்தைப் பாருங்கள். மூன்று ஃபேஸ் மின்சாரத்துக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், நூட்ரலுக்குக் கறுப்பு. இந்தியாவில் நெடுங்காலமாகக் கற்பித்து வந்த முறை இது. சிங்கப்பூரிலும் முன்பு இதுவே வழக்கம். 2009-ஆம் ஆண்டில் இங்கே ஃபேஸ் கம்பிகள் பழுப்பு, கறுப்பு, சாம்பல் என்றும், நூட்ரல் நீலம் என்றும் மாறின. ஊரில் உயிருள்ள நீலக் கம்பி இங்கே நூட்ரல். ஊரில் நூட்ரலான கறுப்புக் கம்பியில் இங்கே மின்சாரம் ஓடலாம். பழைய கடைவீடுகளில் இரண்டு முறைகளும் கலந்து கிடக்கும். பழக்கத்தை நம்பிக் கைவைப்பவர் தம் உயிரோடு கடைக்காரர் உயிரையும் பணயம் வைக்கிறார். மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்த்தவனே நேரும் கேட்டுக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் வந்துள்ள ஹதீது, கம்பியும் குழாயும் பிடிக்கும் கைகளுக்கும் பொருந்தும் என்றே நாம் கருதுகிறோம்.

ஆகவேதான் சிங்கப்பூரில் மின்வேலைக்கு எரிசக்திச் சந்தை ஆணையத்தின் லைசென்ஸ் வேண்டும். முதல் படியில் உள்ளவர் 45 கே.வி.ஏ. வரை செய்யலாம், அதற்கு மேலுள்ள படிகளுக்கு மேலும் தேர்ச்சி வேண்டும். மலேசியாவிலும் வயர்மேனுக்கு எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று தேவை. இது ஒரு வாசல். மற்றொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வேலை அனுமதி அட்டையில் சிங்கப்பூர் வந்தவர், அதில் குறித்த முதலாளிக்கு, குறித்த வேலையைத்தான் செய்யலாம். எவ்வளவு கைதேர்ந்தவராயினும், ஞாயிற்றுக்கிழமை தனியாக வேலை பிடிப்பது சட்டப்படி குற்றம். பிடித்துக் கொடுப்பவருக்கும் அதில் பங்கு உண்டு. வந்த நாட்டில் தங்க அனுமதி பெறுவதே ஓர் உடன்படிக்கை. உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு கட்டளையிடப்பட்டவர்கள் அல்லவா நாம்?

இங்கேதான் நம் முதலாளிமார்களின் பங்கு வருகிறது. கடைக்கு விளக்குப் போட ஊர்க்காரப் பையனைக் கூப்பிட்டு, அரைக்கூலி கொடுத்து, மேல்துண்டாகச் சோறும் போட்டு அனுப்புகிறோம். அதற்கு உதவி என்றும் பெயர் வைத்துக்கொள்கிறோம். இன்னும் சிலர், லைசென்ஸ் உள்ளவரின் பெயரை வாடகைக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள். வேலையைப் பார்த்தவர் ஒருவர், பார்த்ததாகக் கையொப்பமிடுபவர் வேறொருவர். அரபு மொழியில் சான்றிதழுக்கும் சாட்சியத்துக்கும் ‘ஷஹாதத்’ என்ற ஒரே சொல்தான் வழங்குகிறது. காணாத வேலைக்குக் கையொப்பமிடுவது பொய்ச் சாட்சியன்றி வேறென்ன? பொய்ச் சாட்சியைப் பெரும் பாவங்களுள் ஒன்றாக நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நாம் ஜும்ஆ தோறும் கேட்டிருக்கிறோம்.

சாட்சியத்தை மறைப்பதும் பாவமே. மறைப்பவரின் நெஞ்சம் பாவத்துக்குரியது என்று சூரத்துல் பகரா கூறுகிறது. லைசென்ஸுக்கு மனுச் செய்பவர் தம் அனுபவத்துக்குச் சான்று காட்ட வேண்டியிருக்கிறது. அவர் எத்தனை ஆண்டுகள், என்ன வேலை செய்தார் என்பது முதலாளிக்குத்தான் தெரியும். கடிதம் கொடுத்தால் பையன் கையைவிட்டுப் போய்விடுவானே என்று ஆறு மாதம் இழுத்தடிப்பவர்கள் நம்மில் இல்லையா? போகட்டுமே! ரிஸ்க்கை அளப்பவன் அல்லாஹ்.

மாலை வகுப்புக்கு வாரத்தில் இரண்டு நாள் விடுவதும், ஊர்ச் சான்றிதழை முறையாக மொழிபெயர்க்க உதவுவதும், ஆங்கிலப் படிவத்தை நம் வீட்டுப் பிள்ளைகளை விட்டு நிரப்பித் தருவதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. அனுபவக் கடிதத்துக்கோ ஒரு தாளும் முதலாளியின் முத்திரையும் போதும். கேட்டு நிற்பவருக்கு இந்த வாரமே எழுதிக் கொடுங்கள். செய்த வேலையைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதுங்கள்.