திரையில் அடங்கும் பெண்

1972-இல் வெளிவந்து பெருவெற்றி பெற்ற 'பட்டிக்காடா பட்டணமா' படத்தில், படித்த மனைவியின் செருக்கைக் கணவன் அடக்குகிறான். படித்தவள் திமிர் பிடித்தவள், அடங்கியவளே உத்தமி! இந்தப் பாடத்தை எத்தனையோ படங்கள் ஒப்பித்துவிட்டன.

நம் காவிரிக் கரையின் சாட்சியம் வேறு. நாகூரின் சித்தி ஜுனைதா பேகம், பள்ளிப்படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றும், 1938-இல் 'காதலா கடமையா' என்னும் நாவலை எழுதினார். தஞ்சை வயல்களில் தலைமுறை தலைமுறையாக நாற்று நட்டவை பெண்களின் கைகளே. படத்திலோ நடவு ஒரு பாட்டோடு முடிந்துவிடும்.

"படம்தானே, பார்த்துச் சிரித்தால் என்ன குற்றம்?" என்று கேட்போர் உண்டு. சகோதரரே, தாங்கள் சிரிக்கும்போது பக்கத்தில் தங்கள் மகள் அமர்ந்திருக்கிறாளே! அவள் எதைக் கற்றுக்கொள்வாள்?

அன்னை கதீஜா (ரலி) அவர்கள் வணிகம் நடத்தியவர்கள். மனைவியிடம் நல்லவரே மக்களில் சிறந்தவர் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தந்த அளவுகோல். அடக்குவதை ஆண்மை என்று ரசித்துவிட்டு, அந்த அளவுகோலின் முன் எப்படி நிற்போம்?