குறியீட்டெண்ணும் இல்லறத்தார் அறமும்

உழவையும் ஆசிரியப் பணியையும் நம்பி வாழ்ந்த குடும்பங்கள் நம்முடையவை. இன்று நம் இல்லங்களின் சேமிப்பில் ஒரு பகுதி பங்குச்சந்தைக்குச் செல்கிறது. சென்செக்ஸ், நிஃப்டி ஆகிய குறியீட்டெண்களைப் பின்பற்றும் நிதிகளில் முதலிடுவோரும் நம்மிடையே உளர். எண் ஏறினால் மகிழ்கிறோம், இறங்கினால் வருந்துகிறோம். அவ்வெண்ணுக்குள் இருப்பது யாது என்று எண்ணிப் பார்த்தோமா?

மும்பைப் பங்குச்சந்தையின் சென்செக்ஸ் 1986-ஆம் ஆண்டு முதல் வெளிவருகிறது. 1978-79-ஆம் ஆண்டின் நிலையை 100 எனக் கொண்டு, 30 நிறுவனங்களின் பங்கு மதிப்பை அது அளக்கிறது. தேசியப் பங்குச்சந்தையின் நிஃப்டி, 1995 நவம்பர் 3-ஆம் நாளின் நிலையை 1000 எனக் கொண்டு, 50 நிறுவனங்களை அளக்கிறது. நிறுவனர்களின் கையிருப்பு நீங்கலாகச் சந்தையில் கைமாறக்கூடிய பங்குகளின் மதிப்பு எவ்வளவோ, அதற்கேற்ப ஒவ்வொரு நிறுவனமும் இடம் பெறும். ஆண்டுக்கு இருமுறை பட்டியல் ஆராயப்படுகிறது. நிறுவனம் பெரியதா, அதன் பங்கை எளிதில் வாங்கி விற்க இயலுமா என்பனவே தேர்வின் முதன்மையான உரைகற்கள். அதன் தொழில் உயிர்களுக்கு நலம் தருவதா என்னும் வினா அங்கு எழுவதில்லை.

ஆகவே, சிகரெட் செய்து விற்கும் நிறுவனம் ஒன்று நெடுங்காலமாக இவ்விரு பட்டியல்களிலும் இடம்பெற்று வந்துள்ளது. குறியீட்டு நிதியில் நாம் இடும் நூறு ரூபாயில் ஓரிரு ரூபாயேனும் அத்தகைய தொழிலைச் சேரும். புகையிலையைக் கையாலும் தொடாத நாம், அதன் இலாபத்தில் பங்குடையவர் ஆகிறோம்.

"நாம் தேர்ந்தெடுக்கவில்லையே; பங்கும் மிகச் சிறிதுதானே" எனச் சிலர் கூறலாம். இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. இல்லறத்தார்க்குத் தொழிலால் நேரும் ஹிம்சை முற்றிலும் தவிர்க்க இயலாதது என்பதை நம் ஆசாரியர்கள் உணர்ந்தே இருந்தனர். ஏர் உழும்போது சிற்றுயிர்கள் மடிகின்றன. எனினும் உழவு சிராவகர்க்கு விலக்கப்படவில்லை. ஆனால் உழவன் தன் காலடி மண்ணைக் காண்கிறான். ஊறு குறையுமாறு நடக்க அவனால் இயலும். குறியீட்டெண்ணை வாங்குபவன் எண்ணை மட்டுமே காண்கிறான்.

இங்கேதான் வினையின் வாயில் திறக்கிறது. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல் என மூன்று வழியாலும் வினை வந்து சேரும் என்பது ஜினநெறி. தத்துவார்த்த சூத்திரமோ ஹிம்சையின் வேர் பிரமாதம், அதாவது விழிப்பின்மை, என்கிறது. ஆதலால் 'அறியேன்' என்பது எப்போதும் காப்பாகாது. அறிய இயன்றும் அறியாதிருத்தலே குற்றத்தின் தொடக்கம்.

நம் விருப்பமின்றிச் சேர்வதும் உண்டு. தொழிலாளர் வருங்கால வைப்புநிதி 2015 ஆகஸ்டு முதல் தன் வரவில் ஒரு பகுதியைக் குறியீட்டு நிதிகளில் இட்டு வருகிறது. அதனைத் தடுக்க ஊழியர்க்கு வழியில்லை. அவரைக் குறை கூறுவதும் முறையன்று. நாமே விரும்பி இடும் பொருளுக்கே நாம் கணக்குச் சொல்ல வேண்டும்.

அதற்கு வழியும் உண்டு. பரஸ்பர நிதிகள் தம் கையிலுள்ள பங்குகளின் பட்டியலை மாதந்தோறும் வெளியிடுகின்றன. அதனைப் படித்தல் முதற்படி. இசுலாமியர் தம் நெறிக்கு ஒவ்வாதவற்றை நீக்கிய நிஃப்டி 50 ஷரியா என்னும் குறியீட்டெண் நடைமுறையில் உள்ளது. அவர்தம் விதிகள் நமக்குரியன அல்ல. எனினும் நெறிக்கேற்பச் சலித்தெடுக்க இயலும் என்பதற்கு அது சான்று. ஒவ்வாத தொழிலை விலக்கிய நிதியைத் தேடலாம். கிடைக்காவிடின், தக்க நிறுவனங்களைத் தேர்ந்து நேரே முதலிடலாம். அதனால் வரவு சற்றுக் குறையலாம், ஏற்றத்தாழ்வும் மிகலாம். அறத்தின் பொருட்டு அதனை ஏற்க நாம் ஆயத்தமா என்பதே உண்மையான வினா.

குறியீட்டெண்ணுக்கு மேல்வரம்பு இல்லை. பொருளுக்கு வரம்பு கட்டும் பரிக்கிரக பரிமாண விரதம் நமக்கு உண்டு. எவ்வளவு சேர்ந்தது என்பதோடு, எங்கிருந்து வந்தது என்பதையும் நாம் கேட்போமாக.