நாற்காலியும் சரீரமும்

கை கால் அசையாத ஒருவர், மூச்சு விடுவதற்குக்கூட யந்திரத்தை நம்பியிருப்பவர், தம்மைச் சுதந்திரர் என்று சொல்லிக்கொள்ள நியாயம் உண்டா என்னும் கேள்வி, காதுக்குக் கடுமையாக ஒலித்தாலும், தத்துவ விசாரம் செய்கிறவர்கள் ஒதுக்கிவிடத்தக்கது அன்று.

எட் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கர், 1953இல், தம் 14ஆம் வயதில் இளம்பிள்ளை வாதம் கண்டு, சில விரல்கள் தவிர கழுத்துக்குக் கீழே யாவும் அசைவற்றுப் போன நிலையில், 1962இல் கலிபோர்னியாவின் பெர்க்கிலி சர்வகலாசாலையில் மாணவராகச் சேர்ந்தார். இரவில் அவர் படுக்க வேண்டிய, மூச்சு விடச் செய்யும் யந்திரமான இரும்பு நுரையீரலுக்கு மாணவர் விடுதியில் இடமில்லாமையால், சர்வகலாசாலை வைத்தியசாலையே அவருக்கு வாசஸ்தலமாயிற்று. உதவியாளர் ஒருவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போக, அவர் உலாவி வந்தார். பிறகு அவர் ஒரு பெண்ணிடம் காதல் கொண்டார். இருவர் மனம் விட்டுப் பேச வேண்டிய இடத்தில், மூன்றாமவர் எப்பொழுதும் முதுகுக்குப் பின்னால் நிற்பது சகிக்க முடியாத இடைஞ்சலாகத் தோன்றிற்று. இரண்டாம் உலகப் போரில் முதுகுத்தண்டு அடிபட்டுத் திரும்பிய வீரர்களுக்காகக் கனடாவின் ஜார்ஜ் கிளைன் உருவாக்கிய மின்சாரச் சக்கர நாற்காலி அப்பொழுது கடைக்கும் வந்துவிட்டது; ஆனால் ராபர்ட்ஸுக்கு அது உதவாது என்று முன்பே முடிவு கட்டியிருந்தார்கள், ஏனெனில் அவர் விரலின் வலு ஒரு திசைக்குத்தான் இருந்தது. அந்த வலுவே வண்டியை முன்னே செலுத்துமாறு விசைப் பெட்டியைத் திருப்பி வைத்துப் பார்த்தார்கள். வண்டி ஓடிற்று, அவரும் தனியே காதலியைக் காணச் சென்றார்.

இந்தச் சிறு திருத்தத்தை நினைக்கும்போதெல்லாம், பிரம்ம சூத்திர உரையாகிய ஸ்ரீபாஷ்யத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் ராமானுஜர் சரீரத்துக்கு இலக்கணம் வகுக்கும் இடம் என் மனத்தில் எழுகிறது. செயலுக்கும் இந்திரியங்களுக்கும் இருப்பிடமானது சரீரம் என்ற பிறர் கொள்கையை மறுத்து, ஒரு சேதனன், அதாவது அறிவுடைய ஆத்மா, தன் பிரயோஜனத்துக்காக எந்தத் திரவியத்தை முழுவதும் தாங்கவும் நியமித்து ஆளவும் வல்லவனோ, எது அவனுக்கே சேஷமாய், அவன் பொருட்டே இருப்பதோ, அதுவே அவனுக்குச் சரீரம் என்கிறார் ஆசாரியர். நோயுற்ற உடல் சொன்னபடி கேட்பதில்லையே என்ற ஆட்சேபத்துக்கு அவர் தரும் விடை வியக்கத்தக்கது: நியமிக்கும் சக்தி அங்கும் இருக்கவே இருக்கிறது, தடைப்பட்டிருக்கிறது, அவ்வளவே, சக்தி தடுக்கப்பட்ட நெருப்பில் சூடு தோன்றாதது போல. முடங்கிய உடலைக் கண்டு பூர்வ கர்மத்தைப் பேசி அப்பால் செல்லும் நம்மவரில் எத்தனை பேர் இந்த வாக்கியத்தை மனத்தில் வாங்கியிருப்பார்கள்?

கை வழங்காதவருக்கு இன்று மோவாயும் தலையும் விசையை ஆள்கின்றன. அவையும் இயலாதவர் வாயருகே ஒரு குழாயை வைத்துக்கொண்டு, ஓங்கி ஊதினால் முன்னேயும், ஓங்கி உறிஞ்சினால் பின்னேயும், மெல்ல ஊதியும் உறிஞ்சியும் பக்கங்களிலும் வண்டியைச் செலுத்துகிறார். பிராணனே சங்கல்பத்தைச் சுமந்து சென்று சக்கரத்தை உருட்டுகிறது. இதை வெறும் மரச்சாமானோடு சேர்த்து எண்ண எனக்கு மனம் வரவில்லை. நாற்காலி உடையவரைப் பிரிந்தும் நிற்கும், விலைக்கும் போகும், பேட்டரி தீர்ந்தால் கட்டளைக்குப் பணியாது என்பவற்றால், ஆசாரியரின் இலக்கணம் பூரணமாகப் பொருந்துகிறது என்று சாதிக்க மாட்டேன். ஆயினும் நியமனம் என்ற அம்சத்தில் அது சரீரத்தின் வாசற்படியில் நிற்கிறது.

இனி, யந்திரத்தைச் சார்ந்தவர் சுதந்திரர் ஆவாரா? வைணவ சித்தாந்தத்தின்படி ஜீவனே ஈசுவரனுக்குப் பரதந்திரன். ஆகவே எதையும் சாராதிருத்தல் என்ற சுதந்திரம் ஓடியாடித் திரிகிறவனுக்கும் கிடையாது. 1972இல் பெர்க்கிலியில் ராபர்ட்ஸும் தோழர்களும் சுயாதீன வாழ்வுக்கென ஒரு நிலையம் நிறுவியபோது, தம்மைக் குளிப்பாட்டப் பிறர் வேண்டும் என்பதை மறைக்கவில்லை. எப்பொழுது, எவர், எப்படி என்று தீர்மானிக்கும் உரிமை தம்முடையது என்றார்கள். நியமிக்கிறவன் எவன் என்ற விசாரமே அவர்கள் போராட்டத்தின் உயிர்நாடி.

இந்நாற்காலிகளில் மோட்டாரைச் சக்கரத்திலிருந்து விடுவிக்கும் நெம்புகோல் ஒன்று உண்டு. பழுது நேர்ந்தால் பிறர் தள்ளுவதற்காக வைத்தது. நெரிசலிலும் அவசரத்திலும் அமர்ந்திருப்பவரைக் கேளாமலே அதைத் திருப்பி, அவரை ஓரமாகத் தள்ளி வைப்பவர், தாம் உபகாரம் செய்வதாகவே நம்புகிறார். ஒருவரைத் தோளைப் பற்றித் தூக்கி அவர் சம்மதமின்றி வேறிடத்தில் வைப்பதற்கும் இதற்கும் நான் பேதம் காணவில்லை.