போரும் இலக்கிய ஏடும்

வானூரிலிருந்து கிழக்கே கடற்கரைச் சாலையை அடைந்து, மரக்காணத்து உப்பளங்களை நோக்கிச் செல்வோர் கீழ்ப்புத்துப்பட்டைக் கடந்தாக வேண்டும். ஈழப் போரினால் வீடிழந்து வந்த தமிழர் வாழும் முகாம் அங்கே உள்ளது. அதைக் காணுந்தோறும் ஒரு வினா நம் நெஞ்சில் எழுகிறது: ஊரைப் பெயர்த்தெறிந்த போர், அவ்வூரின் எழுத்தை என்ன செய்தது?

யாழ்ப்பாணத்தில் 1975ஆம் ஆண்டு 'அலை' என்னும் சிற்றேடு தோன்றியது. அ. யேசுராசா அதன் ஆசிரியர். கலைக்கு உருவம் முதன்மையா, கருத்து முதன்மையா என்று முற்போக்கு அணியினரோடு அது கடுமையாக வாதிட்டது. கவிதையின் வடிவத்துக்காகச் சினந்துகொள்ள முடிவதும் அமைதிக் காலம் அளிக்கும் ஒரு செல்வமே.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1983இல் இனக் கலவரம் மூண்டது. 1985இல் யேசுராசாவும் நண்பர்களும் தொகுத்த கவிதை நூலின் பெயரே 'மரணத்துள் வாழ்வோம்' என்பதாகும். வாதாடிய குரல் சாட்சி சொல்லும் குரலாயிற்று.

ஐரோப்பாவும் இதைக் கண்டதுண்டு. 1914 கோடையில் லண்டனில் விண்டம் லூயிஸ் நடத்திய 'பிளாஸ்ட்' ஏடு, பழமையைத் தகர்ப்போம் என்று ஆர்ப்பரித்தது. சில வாரங்களில் மெய்யான பீரங்கிகளே முழங்கின. 1915இல் வந்த இரண்டாம் இதழில், போர்முனையிலிருந்து சிற்பி கோதியே பிரெஸ்கா எழுதியனுப்பிய கட்டுரையும் அவர் மாண்ட செய்தியும் ஒருங்கே இடம்பெற்றன. மூன்றாம் இதழ் வரவேயில்லை.

போரில் குரல் மாறுவது குற்றமாகாது. அது எதை நோக்கி மாறுகிறது என்பதையே நாம் கருத வேண்டும். நூலகம் எரிந்தபோது கவிஞர் எம். ஏ. நுஃமான் 'புத்தரின் படுகொலை' என்னும் கவிதையை எழுதினார். எரித்தவர்கள் வணங்கும் புத்தரையே அவர் கொலையுண்டவராகக் கண்டார். அவர்களுடைய சமயத்தை அவர் பழிக்கவில்லை. அச்சமயத்தின் முன்னிலையிலேயே அவர்களை நிறுத்தினார். அத்துணைச் சினத்திலும் நீதி வழுவாத குரல் அது.

1990 அக்டோபரில், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் தரப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரமே. 'அலை'யும் அவ்வாண்டோடு ஓய்ந்தது.

நமக்கு நேர்ந்த கொடுமையை எழுத வேதனை ஒன்றே போதும். நம்மவர் பிறருக்கு இழைத்ததை எழுத நெஞ்சுரம் வேண்டும். போர்க்காலத்து ஏட்டின் தரத்தை இந்த இரண்டாவதைக் கொண்டே நாம் அளக்கிறோம். அந்த அளவுகோலை முதலில் நம் பக்கங்களின் மீதே வைத்துப் பார்ப்பதுதான் முறை.